தடிமனாக வைத்த பட்டி ஏன் வெடிக்கிறது?

கேள்வி: ஹால் சுவருக்கு வெள்ளை சிமெண்ட் பட்டி பார்த்தோம். பள்ளமான இடங்களில் பெயின்டர் தடிமனாக வைத்தார். மறுநாள் காலையில் அங்கே மட்டும் வலை பின்னியதுபோல் மயிரிழை வெடிப்பு. மெல்லிசாக இழுத்த இடங்களில் ஒன்றுமில்லை. மூட்டை ஒன்றுதான். சரக்கில் கோளாறா? அதன்மேலேயே பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: பெயின்ட் அடிக்க வேண்டாம். சரக்கின் மேலும் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே மூட்டைப் பட்டி ஓரிடத்தில் வெடித்து இன்னோரிடத்தில் வெடிக்காமல் நிற்கிறதென்றால், தடிமனைத்தான் பார்க்க வேண்டும்.

ஈரமாக இருக்கும்வரை பட்டிக்குள் இழுவிசை கிடையாது. துகள்கள் நகர்ந்து இடம் கொடுத்துவிடும். நீர் ஆவியாகி, துகள்கள் ஒன்றையொன்று முட்டி நின்ற பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. மிச்ச நீர் துகள்களின் இடுக்குகளில் உள்வளைந்த பரப்பாக நின்று அவற்றை நெருக்கி இழுக்கும். இந்த இழுப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இடுக்கின் ஆரம் 0.1 மைக்ரான் என்றால், நீரின் பரப்பு இழுவிசையால் மட்டும் ஏறத்தாழ 14 வளிமண்டல அழுத்தம் உண்டாகும்.

பட்டி சுருங்கப் பார்க்கிறது. தடிமன் திசையில் தடையில்லை, அமுங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் சுவர் பிடித்துக்கொண்டிருக்கிறதே! சுருங்க முடியாத அந்த அளவு முழுதும் இழுவிசையாகப் பட்டிக்குள் தேங்குகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, உப்புத்தாளால் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு, அங்கே மெல்லிசாகப் பட்டியைத் தடவிக் காயவிடுங்கள். பட்டி பிடித்து நின்றால், ஃபிலிம் பட்டி இருக்கும் பக்கமாக வளையும். ஸ்டோனி என்பவர் 1909-இல் மெல்லிய எஃகுப் பட்டையில் நிக்கல் முலாம் பூசி, அது வளைந்த அளவிலிருந்தே முலாமுக்குள் இருந்த இழுவிசையைக் கணக்கிட்டார். பூச்சு ஆய்வுக்கூடங்களில் இன்றும் அந்தச் சூத்திரம்தான் புழங்குகிறது.

சரி, தடிமனான இடம் மட்டும் ஏன்? இழுவிசை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தடிமனை இரட்டித்தால், வெடிப்பைத் திறக்கத் தேவைப்படும் ஆற்றல் இரு மடங்காகிறது. வெடிப்பு திறந்ததும் விடுபடும் ஆற்றலோ நான்கு மடங்காகிறது. ஆகவே ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு எல்லைத் தடிமன் உண்டு. அதற்குக் கீழே இருந்தால் இழுவிசையைத் தாங்கிக்கொண்டு நிற்கும், தாண்டினால் வெடிக்கும். பெயின்டர் கலவையில் தண்ணீரைக் கூட்டியிருந்தால் சுருக்கம் அதிகமாகி, அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். ஃபேன் காற்றும் மேற்கு வெயிலும் நிலைமையை மோசமாக்கும். சிமெண்ட் இறுகிப் பலம் பிடிக்குமுன் நீர் போய்விடுகிறது.

வெடித்த இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் பட்டி சுவரை விட்டுவிட்டது. தகட்டால் முழுதும் சுரண்டி எடுத்துவிடுங்கள். எமல்ஷனும் காயும்போது இழுக்கும் பூச்சுதான். தளர்ந்த விளிம்பை அது உரித்துக்கொண்டு வரும். அதனால்தான் மேலேயே அடிக்க வேண்டாம் என்றேன். சத்தம் கெட்டியாக இருந்தால் உப்புத்தாள் போட்டு, தூசி தட்டி, வெடிப்புகளுக்குள் இறங்கும்படி மெல்லிசாக ஒரு கோட் அழுத்தி இழுத்தால் போதும்.

பள்ளத்தைப் பட்டியால் நிரப்பவே கூடாது. சிமெண்ட் கலவையால் சமன்படுத்தி, நீர் ஊற்றி ஆறவிட்டு, பிறகு சுவரை நனைத்துப் பட்டி இழுக்கச் சொல்லுங்கள். ஒரு கோட் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அது இறுகிய பிறகே அடுத்தது. அன்று முழுதும் ஃபேன் போடாதீர்கள்.

இன்னொன்று: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் ஒற்றை விரிசல் இந்தக் கணக்கில் சேராது. அது பெரும்பாலும் சுவரிலிருந்தே வருவது. பட்டியை மாற்றித் தீராது, அதைக் கொத்தனாரிடம் காட்டுங்கள்.