தென் அமெரிக்காவின் அதிகம் பேர் அறியாத மரங்களில் நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் செய்ய முடியுமா?

முடியும். இசைக்கருவி செய்ய ஏற்ற மரத்தை டோன்வுட் என்பார்கள்; தட்டினால் 'டொக்' என்று அடங்காமல் கணீரென்று கொஞ்ச நேரம் ஒலிக்கிற மரம், அவ்வளவுதான். அதிர்வை அது எவ்வளவு மெதுவாக விழுங்குகிறது என்பதே விஷயம். வெண்கலப் பானையையும் பிளாஸ்டிக் வாளியையும் விரலால் தட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

இந்த வகையில் பெயர் பெற்றது பிரேசிலியன் ரோஸ்வுட். காடு அழிந்ததால் 1992-இல் அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்தது. (அதற்கு முன்பே, 1969 வாக்கில், அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளரான மார்ட்டின் நிறுவனம் நம்ம ஊர் ஈட்டி மரத்துக்கு மாறிவிட்டது.) ஆனால் அதே கண்டத்தில் வேறு மரங்களும் இருக்கின்றன. பொலிவியா, பிரேசில் பக்கம் வளரும் பாவ் ஃபெரோ கனமானது, அழுத்தமானது, பின்பலகைக்கும், கம்பிகளை விரலால் அழுத்தும் விரல்பலகைக்கும் ஏற்றது. என்ன, இழைக்கும்போது பறக்கும் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைக் கிளப்பும், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். ஜாதிக்காய் வாசம் வீசும் இம்புயா இன்னொன்று. கிளாசிக்கல் கிட்டார் கழுத்துக்குக் காலங்காலமாகப் பயன்படும் செட்ரோ எடை குறைவு, எளிதில் வளையாது, மஹோகனிக்குச் சொந்தக்கார மரம்.

"பிரேசிலியன் ரோஸ்வுட் இல்லாவிட்டால் ஒலியே வராது" என்று பலர் நம்புகிறார்கள். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரத்தில் செய்த 6 கிட்டார்களை 52 பேர் மரம் எதுவென்று பார்க்க முடியாதபடி வாசித்தார்கள். ஒலித்தரத்துக்கு அவர்கள் தந்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமே இல்லை.