ஃபோனோ பிரீஆம்ப் நல்லதுதானா?

கேள்வி: இசைத்தட்டு கேட்கப் புதிதாக ஒரு ஃபோனோ பிரீஆம்ப் (டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும் கருவி) வாங்கினேன். பழையதைவிட நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையா, பிரமையா?

பதில்: இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்டீர்களா? துளி கூடுதலாக ஒலித்தாலே காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், அதனால் அளவைச் சமமாக்காமல் ஒப்பிடுவதில் பயனே இல்லை.

அப்புறம் ஊசியைத் தூக்கிவிட்டு, வழக்கமான வால்யூமில், உட்காரும் இடத்திலிருந்தே கவனியுங்கள். மெல்லிய இரைச்சல் ஸ்பீக்கர் அருகே போனால் மட்டும் கேட்டால் பரவாயில்லை. 'ம்ம்' என்று ரீங்காரம் வந்தால் பிரீஆம்ப்பைத் திட்டும் முன் டர்ன்டேபிளின் எர்த் வயரைப் பாருங்கள்.

பிரீஆம்ப்பின் முக்கிய வேலை, ஆர்ஐஏஏ என்ற தர வரையறைப்படி ஒலியைச் சமன்செய்வது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த சுருதி ஒலியை (பேஸ்) குறைத்து, உச்ச சுருதி ஒலியை (ட்ரெபிள்) கூட்டிப் பதிவு செய்கிறார்கள். அதைத் தலைகீழாக்க, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் ஏற்றி, 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் இறக்க வேண்டும். பிசகினால் குரல் மெலியும், அல்லது மந்தமாகும். நன்கு பழகிய ஒரு குரலைப் போட்டு, 'ஸ' வரும் இடங்கள் கீச்சிடுகின்றனவா என்று கேளுங்கள். கீச்சிட்டால் ஊசியின் தேய்மானத்தையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டும்.

ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின் சிக்னலாக்கும் கார்ட்ரிட்ஜ் எந்த வகை? எம்.எம். (காந்தம் அசையும் வகை) என்றால் 47 கிலோ ஓம் உள்ளீட்டு மின்தடை, சுமார் 40 டெசிபல் பெருக்கம் போதும். வெளியீடு குறைந்த எம்.சி. (கம்பிச்சுருள் அசையும் வகை) என்றால் 60 டெசிபல் பக்கம் தேவை; அதை எம்.எம். உள்ளீட்டில் செருகினால் எவ்வளவு நல்ல கருவியும் சன்னமாகத்தான் ஒலிக்கும்.