மாமல்லபுரத்தில் இரண்டு இரவு: கேட்டவர்களுக்குப் பதில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் தங்கி, அப்படியே மாமல்லபுரத்தையும் பார்ப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தது கல்லும் கரையும். வாடகை, தள்ளுபடி, கூப்பனுக்கெல்லாம் நான் ஆள் இல்லை.

ஆவடி வாசகி: வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்பணும். மாமனார், மாமியார், ஆறு வயசிலும் ஒன்பது வயசிலும் இரண்டு பிள்ளைகள். எதை எப்போது பார்ப்பது?

உங்கள் கூட்டத்துக்கு எதிரி வெயில்தான். வெள்ளி இரவு சாப்பிட்டுத் தூங்குங்கள், வேறொன்றும் வேண்டாம். சனி காலை ஆறு மணிக்குத் திறக்கும்போதே கடற்கரைக் கோயிலுக்குள் போய்விடுங்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துக் கோயில். பெரிய சிவன் சன்னதி கிழக்கே கடலைப் பார்க்கும், சிறியது மேற்கே. இரண்டுக்கும் நடுவில் பாறையிலேயே செதுக்கிய பெருமாள் படுத்திருக்கிறார். பாதிப் பேர் அவரைப் பார்க்காமலே செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அதே டிக்கெட் ஐந்து ரதம் என்னும் ஒற்றைக்கல் கோயில்களுக்கும் செல்லும், தொலைத்துவிடாதீர்கள். நம்மவர்களுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். அங்கே பிள்ளைகளைக் கல் யானையின் பின்பக்கம் நிறுத்துங்கள். யானையின் முதுகு வளைவையும் பக்கத்திலுள்ள சகாதேவ ரதத்தின் பின்புற வளைவையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். யானை முதுகு போல வளைந்த இந்தக் கோயில் வடிவத்தைத் தூங்கானைமாடம் என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

ஒன்பது மணிக்கு ரிசார்ட்டுக்குத் திரும்பினால் காலை டிபனும் தப்பாது. மதியம் பெரியவர்கள் தூங்கட்டும், பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கிடக்கட்டும். நாலு மணிக்கு மேல் அருச்சுனன் தவம் என்னும் பெரிய பாறைச் சிற்பம். கிழக்குப் பார்த்த பாறை என்பதால் அப்போது நிழல் விழுந்திருக்கும், நின்று பார்க்கலாம். பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை. ஞாயிறு திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்னும் தென்னிந்தியப் பழைய வீடுகளின் அருங்காட்சியகம், இல்லையென்றால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தால் மாமியார் அடுத்த முறை வரமாட்டார்.

மதுரை அன்பர்: ரயிலில் வந்தால் எங்கே இறங்க வேண்டும்?

செங்கல்பட்டில். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர். எழும்பூர் வரை போய்த் திரும்பி வராதீர்கள்.

புது மாப்பிள்ளை: கடற்கரைக் கோயில் பக்கத்தில் கடலில் குளிக்கலாமா? நன்றாக நீந்துவேன்.

வேண்டாம். நீச்சல் தெரிந்தவரைத்தான் கடல் முதலில் ஏமாற்றும். அலை உடையாமல் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரியும் பாருங்கள், ‘இங்கே இறங்கலாம்’ என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் உள்ளே திரும்பிப் போகும் வழி பெரும்பாலும் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். குளித்தே தீர வேண்டுமென்றால் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரும் நீலக்கொடிச் சான்று பெற்ற, சென்னைப் பக்கத்துக் கோவளம் கடற்கரைக்குப் போய், உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள்.

வேலூர் தம்பதி: கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

முதலில் போன் போட்டு, ‘கட்டிலில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா, பால்கனியில் எட்டிப் பார்த்தால் தெரியுமா’ என்று கேளுங்கள். அறையில் இருக்கப்போவது இருட்டிய பிறகுதான் என்றால் தோட்டத்துப் பக்க அறையே போதும். அப்புறம், நீச்சல் குளத்துக்கு நைலான் உடை எடுத்துப் போங்கள். பருத்தி உடையோடு பல இடங்களில் இறங்கவிடமாட்டார்கள். பிள்ளைகள் அழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருச்சி ஆசிரியர்: அந்தப் பெரிய பாறைச் சிற்பம் அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா?

நான் பகீரதன் கட்சி, கங்கையைப் பூமிக்கு இறக்கத் தவம் செய்தவன் அவன். நடுவில் உள்ள வெடிப்பில் நாகர்கள் கைகூப்பி மேலேறுகிறார்கள். உச்சியில் தொட்டி இருந்ததற்கான தடயம் உண்டு. அங்கிருந்து தண்ணீர் விட்டால் வெடிப்பு வழியே ஆறாக இறங்கும். வெடிப்பின் அடியில் ஒருவர் நனைந்த துணியைப் பிழிகிறார், இன்னொருவர் குடத்தைத் தூக்கி வருகிறார். ஆற்றங்கரை இல்லாமல் இந்த வேலையெல்லாம் எதற்கு?

கும்பகோணம் பெரியவர்: அப்படி முடித்துவிடாதீர்கள் தம்பி. கீழே சின்னக் கோயிலில் திருமால் நிற்கிறாரே? அது பதரிகாசிரமம், திருமாலின் வடிவமான நர நாராயணர் தவம் செய்த இடம். நரன்தான் அருச்சுனன்.

ஐயா, நல்ல அடி. அந்தக் கோயில் பகீரதன் கட்சிக்கு என்றைக்குமே சங்கடம்தான். ஆனாலும் தவசியின் விலா எலும்பைக்கூட எண்ணிச் செதுக்கிய சிற்பி, நாகர்களை வெறும் அலங்காரத்துக்கு நடுவில் வைத்திருப்பானா? எனக்கு ஒரு சந்தேகம். இதே ஊர்க் கணேச ரதக் கோயிலின் கல்வெட்டுச் செய்யுளில் ஒரே வரி சிவனுக்கும் பொருந்தும், அரசனுக்கும் பொருந்தும். வார்த்தையில் இந்த விளையாட்டை ரசித்தவர்கள் கல்லிலும் ஆடியிருக்கலாம் அல்லவா?

அதே பெரியவர்: இரண்டு பக்கமும் நழுவுகிறீர்கள்.

நழுவத்தான் செய்கிறேன். ஆனால் பூனையை விட்டுவிட்டோமே! தவசியைப் போலவே நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை. வயிறு ஒட்டியிருக்கிறது. சுற்றிலும் எலிகள் நம்பி நிற்கின்றன. அருச்சுனனோ பகீரதனோ, மேலே நடக்கும் தவத்தைக் கீழே கேலி செய்ய அந்தச் சிற்பிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் முதலில் இதைத் தேடச் சொல்லுங்கள்.

தாம்பரம் வாசகர்: கடலில் முழங்கால் அளவு இறங்கலாம்தானே?

புது மாப்பிள்ளைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஓசூர் நண்பர்: அதே இரண்டு நாளில் பாண்டிச்சேரியும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். அதற்கு ரிசார்ட் எதற்கு, காரிலேயே படுத்துக்கொள்ளலாமே.

ஈரோடு வாசகி: மே மாதம் போனால் மீன் கிடைக்குமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. சின்னப் படகுகள் போகும், அதனால் மீன் இருக்கும், விலையும் இருக்கும். தட்டில் வருவது இன்றைக்குப் பிடித்ததா என்று கேட்டுச் சாப்பிடுங்கள்.

பெயர் போடாதவர்: சாயந்திரம் அலை குறைவாக இருக்குமே, அப்போது குளித்தால்?

ஐயா, கடல் கைக்கடிகாரம் பார்ப்பதில்லை. மறுபடியும் சொல்கிறேன், கோவளம். அடுத்து யார் இதைக் கேட்டாலும் பதில் கிடையாது.

காஞ்சிபுரம் அன்பர்: கூட்டம் பிடிக்காது. வார நாளில் போகலாமா?

தாராளமாக. வாடகையும் பெரும்பாலும் குறையும். ஐந்து கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பத்தில் பாறையில் செதுக்கிய புலிக்குகையைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு 2005-ல் வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயில் அடித்தளமும் அதே ஊரில்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் தட்சிணசித்ராவை நம்பிப் போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.