நவீனப் போரை உள்ளபடி காட்டும் வியூக விளையாட்டுகளில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

கேள்வி கேட்டவர் கூடுதலாக எழுதியிருப்பது இது: 'கமாண்ட்: மாடர்ன் ஆப்பரேஷன்ஸ்' என்ற கணினி விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்த நண்பரின் திரையைப் பார்த்தாராம். ஒரு வரைபடம், அதன்மேல் சில குறியீடுகள், சில வட்டங்கள். அரை மணி நேரம் எதுவுமே நடக்கவில்லை. நண்பரோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாராம். வெடிப்பதும் எரிவதும்கூடக் கண்ணில் படாத போர் விளையாட்டை ஒருவர் ஏன் விரும்ப வேண்டும்?

நானும் அந்த நாற்காலி நுனிக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆகவே நடுநிலையான பதிலை எதிர்பார்க்காதீர்கள். எதுவும் நடக்கவில்லை என்று நீங்கள் நினைத்த அந்த அரை மணி நேரம்தான் ஆட்டமே. சதுரங்கத்தில் இரண்டு பக்கத்துக் காய்களும் கண்முன் நிற்கின்றன. இங்கே எதிராளியிடம் எத்தனை காய்கள், அவை எங்கே நிற்கின்றன, அவனுக்கு நம்மைத் தெரியுமா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறானா, எதுவும் தெரியாது. ஆனாலும் முடிவெடுக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் அதுவும் ஒரு முடிவாகக் கணக்கில் ஏறிவிடும். இந்தத் தவிப்புக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

ராடாரை இயக்கும் பொத்தானை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்களிடம் ஒரே ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. ராடாரை இயக்கினால் சுற்றிலும் தெரியும், இயக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் இருட்டில் டார்ச் அடிப்பவன் கதைதான் இது. அவனுக்குத் தெரிவது கொஞ்ச தூரம், அவனைக் கண்டுகொள்பவர்களோ அதற்கும் அப்பால் நிற்பார்கள். நம் ராடார் அலை இலக்கில் பட்டுத் திரும்பி வந்தால்தான் நமக்குப் பயன். எதிரிக்கு அது ஒருவழியாக வந்து சேர்ந்தாலே போதும். அதனால் நாம் அவனைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அவனுடைய கருவி நம்மைக் கேட்டுவிடுகிறது. எந்தத் திசையிலிருந்து அலை வருகிறது என்பதோடு நிற்காது. அலையின் தன்மையை வைத்து இது இன்ன வகை ராடார், ஆகவே இன்ன வகைக் கப்பல் என்பது வரைக்கும் ஊகித்துவிடும். சரி, அணைத்து வைக்கலாம் என்றால் நாமே குருடாகிவிடுகிறோம். சில நிமிடங்கள் மட்டும் இயக்கிவிட்டு இடம் மாறிவிடலாமா? இன்னொரு கப்பலைத் தொலைவில் நிறுத்தி, அதன் ராடாரை மட்டும் இயக்கி, எதிரியின் கவனத்தை அங்கே இழுக்கலாமா? அப்படியானால் அந்தக் கப்பலின் கதி? ஒரே ஒரு பொத்தானில் இத்தனை கேள்விகள்.

1982 ஃபாக்லாந்து போரில் இந்தக் கணக்கு உயிர்களோடு நடந்தது. மே 4 அன்று அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எடென்டார் விமானங்கள் கடல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து வந்து, ஆளுக்கு ஓர் எக்ஸோசெட் ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பின. ஒன்று பிரிட்டனின் ஷெஃபீல்ட் என்ற நாசகாரிக் கப்பலைத் தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். தீப்பிடித்த கப்பல் இழுத்துச் செல்லப்படும்போது மே 10 அன்று மூழ்கியது. நவீனக் கப்பல், விமானங்களைத் தாக்கும் ஏவுகணைகளும் அதில் இருந்தன, பிறகு எப்படி என்று கேட்டால், பூமி உருண்டையாக இருப்பதுதான் முதல் காரணம்.

கணக்கைப் பாருங்கள். கப்பலின் ராடார் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏவுகணை 3 மீட்டர் உயரத்தில் அலைகளை உரசிக்கொண்டு வருகிறது. தொடுவானத்துக்கு மேலே அது தலைகாட்டுவதே சுமார் 28 கிலோமீட்டர் தூரத்தில்தான். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 300 மீட்டர். ஆக, எல்லாம் சரியாக நடந்தாலும் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம். அதற்குள் கண்டுபிடித்து, நம்பி, கட்டளையிட்டு, சுட வேண்டும். அதே ராடாரை 3,000 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டால் பார்வை 200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பிரிட்டன் அந்தப் போருக்குப் போனபோது அதனிடம் அப்படிப்பட்ட பறக்கும் ராடார் இல்லை. அவசர அவசரமாக சீ கிங் ஹெலிகாப்டர்களில் ராடார் பொருத்தினார்கள். அவை புறப்படும்போது போர் முடிந்துவிட்டிருந்தது.

இதை யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் படிக்கும்போது முடிவு நமக்கு முன்பே தெரியும். விளையாட்டில் தெரியாது. அதே தென் அட்லாண்டிக் கடலில், அதே வகைக் கப்பலோடு நிற்கிறீர்கள். மேற்கிலிருந்து மெல்லிய ஒரு ராடார் ஒலி. திரையில் திசையைக் காட்டும் ஒரு கோடு மட்டும் நீள்கிறது. எவ்வளவு தூரம் என்பது இல்லை. பிறகு அந்த ஒலியும் நின்றுவிடுகிறது. வந்த விமானம் திரும்பிப் போய்விட்டதா, நம்மைப் பார்த்துவிட்டு ஏவுகணையை விட்டுவிட்டதா? விட்டிருந்தால் இந்நேரம் எங்கே வந்திருக்கும்? கடிகாரத்தை மனம் தானாக எண்ணத் தொடங்குகிறது. காலத்தை வேகப்படுத்தும் வசதி எல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தில் அதைத் தொட யாருக்கும் கை வராது.

ஏவுகணை வந்துவிட்டால் அதன்பின் நடப்பது எல்லாம் எழுத்தில்தான். திரை ஓரத்தில் செய்திப் பதிவேடு ஓடும். நம் எதிர்ப்பு ஏவுகணை இலக்கைத் தொடும் வாய்ப்பு இத்தனை சதவீதம், இலக்கு தாழப் பறப்பதால் இவ்வளவு கழிவு, பகடையில் விழுந்த எண் இது, தவறிவிட்டது. ஒரு வரி. வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற அந்த வரியைப் படித்து நெஞ்சு படபடக்கும் என்று வெளியாட்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

இன்னொரு சங்கடமும் உண்டு. வரைபடத்தில் நகர்வதெல்லாம் எதிரியல்ல. சரக்குக் கப்பல்கள் போகும், மீன்பிடி படகுகள் திரியும், பயணிகள் விமானங்கள் பறக்கும். தொலைவில் எல்லாமே அடையாளம் தெரியாத ஒரே மாதிரிக் குறிகள். 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், பாரசீக வளைகுடாவில் ஈரானின் பயணிகள் விமானத்தைப் போர்விமானம் என்று எண்ணிச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்களை நியாயப்படுத்துவது என் வேலை அல்ல. ஆனால், நெருங்கி வரும் ஒரு குறியை வைத்துக்கொண்டு சில நிமிடங்களில் தீர்மானிப்பது என்றால் என்ன என்பதைச் செய்தித்தாள் எனக்குக் கற்றுத் தரவில்லை. இந்த விளையாட்டுகள் ஓரளவு கற்றுத் தந்தன.

தரைப்போர் விளையாட்டுகளில் இதே தெரியாமை வேறு வடிவில் வருகிறது. 'காம்பாட் மிஷன்' வரிசையில் ஒவ்வொரு வீரனும் டாங்கியும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். புதருக்குள் இருக்கும் எதிரி டாங்கியை ஒரு வீரன் பார்த்துவிட்டான் என்பதற்காகப் பக்கத்துத் தெருவில் நிற்கும் உங்கள் டாங்கிக்கு அது தெரிந்துவிடாது. தகவல் போய்ச் சேர வேண்டும். பீரங்கித் தாக்குதல் கேட்டால் குண்டு விழச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை எதிரி அங்கே இருப்பானா என்பது அவன் பாடு. இருதரப்பும் கட்டளைகளைக் கொடுத்து முடித்தபின் ஒரு நிமிடம் தானாக ஓடும். அந்த அறுபது நொடிகளில் நீங்கள் வெறும் பார்வையாளர். தப்பான சந்தில் நுழையும் வண்டியை நிறுத்த வழியில்லை.

1989-இல் ஜெர்மனியில் பனிப்போர் நிஜப்போராக மாறியதாகக் கற்பனை செய்யும் 'ஃப்ளாஷ்பாயின்ட் கேம்பெய்ன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. நினைத்தபோது கட்டளையிட முடியாது. தலைமையகத்தின் திறமையைப் பொறுத்து இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறைதான் உங்களுக்கு வாய்ப்பு. அடிபட்டுக் குழம்பினால் அந்த இடைவெளி நீளும். எதிரியின் இடைவெளி வேறு. அவனைவிடச் சீக்கிரம் சிந்தித்துச் செயல்படுகிறவன் வெல்கிறான் என்று ராணுவக் கல்லூரிகளில் சொல்வதை இவ்வளவு எளிமையாக விளையாட்டு விதியாக மாற்றியதற்காக அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

இதெல்லாம் கணினி கொண்டுவந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். 1824-இல் பிரஷ்ய ராணுவத்தில் பரவிய கிரீக்ஸ்பீல் என்ற போர்ப்பயிற்சி விளையாட்டிலேயே இரு தரப்பினரும் எதிரியின் படைகளை முழுமையாகப் பார்க்க முடியாது. இடையில் ஒரு நடுவர். எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். உங்களுக்குத் தெரிய வேண்டியதை மட்டும் அவர் சொல்வார். அந்த நடுவரின் நாற்காலியில்தான் இப்போது கணினி உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் இருந்த லாரி பாண்ட் 1980-இல் காகிதத்தில் வெளியிட்ட 'ஹார்ப்பூன்' என்ற கடற்போர் விளையாட்டு 1989-இல் கணினிக்கு வந்ததும் இப்படித்தான். பக்கம் பக்கமாக அட்டவணை பார்த்துக் கணக்குப் போடும் தொல்லை ஒழிந்தது, தெரியாமை மட்டும் மிச்சமிருந்தது.

ராணுவங்களும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 'கமாண்ட்' விளையாட்டுக்கே ராணுவங்களுக்கென்று தனிப்பதிப்பு இருக்கிறது. 2002-இல் அமெரிக்கா நடத்திய 'மில்லேனியம் சேலஞ்ச்' என்ற மாபெரும் பயிற்சி இன்னும் சுவாரசியம். எதிரித் தரப்பை நடத்திய ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்க முடியாதபடி மோட்டார் சைக்கிள் தூதர்கள் வழியாகக் கட்டளைகளை அனுப்பினார். பிறகு திடீரென்று தாக்கி, கணக்கின்படி 16 அமெரிக்கக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டார். பயிற்சியை நடத்தியவர்கள் மூழ்கிய கப்பல்களை மிதக்கவைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். தோற்றதும் பழைய சேமிப்புக் கோப்பைத் திறக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல என்று அதைப் படித்தபோது ஓர் அற்ப ஆறுதல்.

ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த 'உள்ளபடி' என்பது பாதி உண்மைதான். ஏவுகணையின் தூரம், எரிபொருளின் அளவு, விமானத்துக்கு மறுபடி ஆயுதம் ஏற்றப் பிடிக்கும் நேரம், இவற்றில் காட்டும் அக்கறை மனிதர்களிடம் வரும்போது நின்றுவிடுகிறது. கப்பல் மூழ்கினால் குறி மறைகிறது, மதிப்பெண் குறைகிறது. தண்ணீரில் கிடப்பவர்கள் இல்லை, வீட்டுக்குப் போகும் தந்தி இல்லை. நிஜமாக நடந்துகொண்டிருக்கும் போர்களை அப்படியே காட்சிகளாக்கி விளையாட என்னால் முடிவதில்லை. நடக்காமல் போன பனிப்போர்ச் சண்டைகளையே தேடிப்போகிறேன். இதை ஒரு கொள்கையாகச் சொல்லவில்லை, மனம் அங்கேதான் ஒப்புகிறது.

படத்தின் அழகுக்கும் உண்மைக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்றும் சொல்வேன். 'ஆர்மா 3' என்ற சுடும் விளையாட்டின் காட்சிகளை நிஜப்போர்க் காணொளி என்று சமூக வலைத்தளங்களில் பரப்பி, அதைத் தயாரித்த போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனமே 2022-இல் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணை அவ்வளவு எளிதாக ஏமாற்றிவிடலாம். 'வார்கேம்: ரெட் டிராகன்' பார்க்கப் பிரமாதமாக இருக்கும், வண்டிகள் எல்லாம் அச்சு அசல். ஆனால் விறுவிறுப்புக்காகத் தூரங்களைச் சுருக்கியிருப்பார்கள். விளையாட நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை, அதை நவீனப் போரின் படமாக எடுத்துக்கொள்ளாதவரை.

நண்பரின் திரையைப் பார்த்த ஆர்வத்தில் நேராக 'கமாண்ட்' வாங்கிவிடாதீர்கள். முதல் நாளே பட்டியல்களும் பெட்டிகளும் விரட்டிவிடும். 2017-இல் வந்த 'கோல்ட் வாட்டர்ஸ்' போதும். ஒரே ஒரு நீர்மூழ்கிக் கப்பல், அதுவும் உங்கள் கட்டுப்பாட்டில். வேகமாகப் போனால் எதிரிக்குச் சத்தம் கேட்கும், மெதுவாகப் போனால் இலக்கு தப்பிவிடும். அதில் இயந்திரத்தை அடக்கிவிட்டு, எங்கோ கேட்கும் ஒரு ஒலி யாருடையது என்று உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா இருக்க முடிகிறதா என்று பாருங்கள். சலிப்பாக இருந்தால் இந்த வகை விளையாட்டு உங்களுக்கானது அல்ல, பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்க முடிந்தால், அடுத்து 'காம்பாட் மிஷன்' அல்லது 'ஃப்ளாஷ்பாயின்ட்', அதன் பிறகு 'கமாண்ட்'. அதற்குள் உங்கள் நண்பர் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குத் தேறியிருப்பார்.