வீடியோ கேசட் சேகரிப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன்,

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள், பெரிய தட்டு வடிவில் வந்த லேசர் டிஸ்குகள் என்று வாங்கிச் சேர்த்து வருகிறேன். பெரும்பாலும் எண்பதுகளின் தமிழ்ப் படங்கள். எல்லாம் யூடியூபில் இருக்கும்போது இதற்கு ஏன் காசு என்று அம்மா திட்டுகிறார். இவற்றுக்கு இனி விலை ஏறுமா? எந்த வடிவத்தைச் சேர்ப்பது நல்லது? அம்மாவின் கல்யாணக் கேசட் ஒன்றும் அலமாரியில் கிடக்கிறது. ஓடுகிற டெக் (கேசட் போடும் கருவி) இல்லாததால் இதுவரை போட்டுப் பார்த்ததில்லை.

ம., ஜெலுத்தோங்

அன்புள்ள ம.,

விலைக்காகச் சேர்ப்பதென்றால் என்னிடம் பேச ஒன்றுமில்லை. லேசர் டிஸ்க் அழகான பொருள்தான், ஆனால் நம் ஆட்களின் வீடுகளில் அதைப் பார்ப்பதே அரிது. நம்மிடம் புழங்கியவை விஎச்எஸ்ஸும் பிறகு விசிடியும். வேறெங்கும் பிரதி இல்லாத பழைய படம் கிடைத்தால் விடாதீர்கள். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. மற்றபடி, கடைகடையாக வாடகைக்குப் போன படங்களை நீங்கள் காப்பாற்ற வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். ஊரார் படத்தை ஞாயிறுதோறும் தேடி அலைகிறீர்கள், பெற்ற தாயின் கல்யாணத்தை அலமாரியில் பூஞ்சைக்கு விட்டிருக்கிறீர்கள். இது என்ன சேகரிப்பு தம்பி?

எங்கள் அத்தையின் கல்யாணம் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நடந்தது. சுங்கை பட்டாணியிலிருந்து வந்த வீடியோக்காரர், கேசட்டை நிரப்ப வேண்டுமே என்று லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசல்கள், கோயில், பந்தி, கறிக்குழம்பு அடுப்பு எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினார். அந்த விளக்கு வெளிச்சத்தில் பெண்களெல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். நடுவில் ஓரிடத்தில் என் பாட்டி வருவார். சமையல்காரரிடம், “உப்பப் பாத்துப் போடுய்யா, மாப்ள வீட்டுக்காரங்க சொல்லிக் காட்டுவாங்க” என்பார். அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கப் பால்மரம் சீவிய அந்த மனுஷியின் குரல் உலகத்தில் வேறெங்கும் பதிவாகவில்லை. தோட்டத்துக் கணக்கில் அவர் பெயர் இருந்திருக்கும், பால் எடை இருந்திருக்கும், ‘சொல்லிக் காட்டுவாங்க’ என்று அவர் இழுக்கும் இழுப்பு அதில் எப்படி இருக்கும்?

இன்று அந்த லயம் இல்லை. அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது, கோயிலும் இடம் மாறிவிட்டது. கெடாவிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் எத்தனையோ தோட்டங்கள் இப்படி வீடுகளாகவும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களாகவும் மாறின. அந்த மக்களின் பேச்சு, நடை, பந்தி வரிசை, திருவிழாக் கரகம் எல்லாம் அசையும் படமாக எங்கே இருக்கின்றன? வீட்டு அலமாரிகளில், ‘கல்யாணம்’, ‘சடங்கு’, ‘திருவிழா’ என்று பேனாவால் எழுதிய கேசட்டுகளில். பெரும்பாலும் ஒரே பிரதி. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலில் தட்ட வேண்டியது அந்த வீடுகளின் கதவை என்பேன்.

காத்திருக்க நேரமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. கேசட்டுக்குள் இருப்பது பாலியெஸ்டர் நாடா. அதன்மேல் காந்தத் துகள்களை ஒரு பசை ஒட்டிப் பிடித்திருக்கிறது. ஈரம் அந்தப் பசையைச் சிதைக்கிறது, பூஞ்சை வளர்வதும் ஈரத்தில்தான். பினாங்குக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? நாடா நன்றாக இருந்தாலும் ஓட்ட டெக் வேண்டும். ஃபுனாய் நிறுவனம் 2016இல் தயாரிப்பை நிறுத்தியதோடு புதிய விஎச்எஸ் டெக் வருவது நின்றுவிட்டது. இருப்பவை தேய்ந்துகொண்டிருக்கின்றன, பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. உங்கள் பிள்ளை வளர்ந்து கேட்கும்போது கேசட் இருக்கும், படம் இருக்காது.

சந்தையில் வாங்கிய டெக்கில் அம்மாவின் கேசட்டை அப்படியே செருகிவிடாதீர்கள். டெக்குக்குள் நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட் உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அழுக்குப் பிடித்த டெக் நாடாவைக் கீறிவிடும், கடித்தும் விடும். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் டெக்குக்குள் போய் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் தர வேண்டும். பொடி இல்லையென்றால், கேசட் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்து எடுத்துவிடுங்கள், அதன்மேல் யாரும் தவறிப் பதிவு செய்ய முடியாது. பிறகு நீங்கள் சந்தையில் வாங்கிய ஒரு கேசட்டை ஓட்டி டெக்கைச் சோதியுங்கள். அந்தப் படங்கள் இதற்காவது உதவட்டும்.

கணினியில் ஏற்றியதும் இரண்டு வன்தட்டில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஏற்றியாயிற்றே என்று மூலக் கேசட்டைத் தூக்கி எறியக் கூடாது.

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். பந்தியில் பரிமாறுவது யார், பின்னால் நிற்கும் தாத்தா எந்தத் தோட்டம், நாதஸ்வரக்காரர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டுக் கேட்டு, எந்த நிமிடத்தில் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இதை அவர் மட்டுமே சொல்ல முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக வேண்டாம்.

அன்புடன்.