சிசிஎன்ஏ காலாவதியானால் என்கோர் எழுத முடியாதா?

கேள்வி: சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ என்னிடம் இருக்கிறது, அது காலாவதியாக இன்னும் 10 வாரம்தான் இருக்கிறது. அதற்கு மேல்நிலைச் சான்றிதழான சிசிஎன்பிக்கான 350-401 என்கோர் தேர்வை ஒருமுறை எழுதித் தோற்றுவிட்டேன். உள்கட்டமைப்புப் பகுதியில்தான் (ரவுட்டிங், ஸ்விட்சிங் போன்றவை) மதிப்பெண் மிகக் குறைவு. "சிசிஎன்ஏ போய்விட்டால் என்கோர் எழுதவே விடமாட்டார்கள். இப்போதே பணம் கட்டினால் தேர்ச்சிக்கு நாங்கள் உத்தரவாதம்" என்கிறார் ஒரு பயிற்சி ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் சொன்ன முதல் வரியே பொய். 2020 பிப்ரவரியில் சிஸ்கோ தன் சான்றிதழ் முறையை மாற்றியமைத்தபோதே, சிசிஎன்பிக்கு முன்னால் சிசிஎன்ஏ இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. சிசிஎன்ஏ இல்லாதவரும் நேரடியாக என்கோர் எழுதலாம். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பழைய விதியைச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறார்கள் என்றால் கோபம்தான் வருகிறது. விதிகளை எளிய மொழியில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் இவர்களுக்கு வேலையே இருக்காது.

அந்தத் தேதி உங்களுக்கு முக்கியமாவது ஒரே ஒரு விஷயத்தில்தான். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சிசிஎன்ஏ உயிரோடு இருக்கும்போதே என்கோரில் தேறினால், சிசிஎன்ஏவும் சேர்ந்து மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும். காலாவதிக்கு முந்தைய நாள் தேறினாலும் சரிதான். மறுநாள் தேறினால் என்கோர் தேர்ச்சி உங்களுடையதுதான், அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் சிசிஎன்ஏ போனது போனதுதான், வேண்டுமென்றால் முதலிலிருந்து எழுத வேண்டும். பதிவு செய்த தேதியோ பணம் கட்டிய தேதியோ கணக்கில் வராது. தேறிய தேதிதான் கணக்கு. உங்கள் அலுவலகம் சிசிஎன்ஏவைக் கட்டாயம் கேட்கிறது என்றால் மட்டும் இதைப் பற்றிக் கவலைப்படுங்கள். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சிசிஎன்பி வந்த பிறகு கீழே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

இப்போது அந்த "உத்தரவாதம்". அது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, திருடிய கேள்வித்தாளான டம்ப். இல்லையென்றால், உங்கள் பெயரில் வேறொருவர் உட்கார்ந்து எழுதுவது. இரண்டும் பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்யலாம், இனி எந்தத் தேர்வும் எழுத முடியாதபடி தடையும் போடலாம். தேர்வுக்கு முன் நீங்கள் சம்மதிக்கும் ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. தடை உங்கள் பெயருக்குத்தான் வரும். ஏஜென்ட் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். போதாததற்கு, டம்பில் இருக்கும் விடைகளில் தப்பானவையும் உண்டு. விடையை மனப்பாடம் செய்து வந்தவர்களை நேர்காணலில் நிறையப் பார்த்திருக்கிறேன். "இந்த இரண்டு ரவுட்டரும் ஏன் ஒன்றோடொன்று உறவு ஏற்படுத்தி அண்டையாகவில்லை?" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் உள்கட்டமைப்பு. தேர்வில் சுமார் 30 சதவீதம் அதுதான். மதிப்பெண் அறிக்கையில் பகுதிவாரி சதவீதம் மட்டும்தான் வரும். எந்தக் கேள்வியில் தவறினீர்கள் என்று சொல்ல மாட்டார்கள். இது படிப்பவருக்கு உதவாத முறை என்று எனக்கு நெடுநாள் வருத்தம். சரி, இருப்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

வீடியோ பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கணினியிலேயே மெய்நிகர் ரவுட்டர்களை ஓட்டும் மென்பொருள்களான ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோவின் சிஎம்எல் என எது கையில் இருந்தாலும் போதும், மூன்று ரவுட்டர் வையுங்கள். ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிரும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்பை ஓட விடுங்கள். ஓடியதும் நீங்களே கெடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எம்டியுவை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச பைட் அளவு) 1500-இலிருந்து 1400 ஆக்கி ஓஎஸ்பிஎஃப்பை மறுபடி தொடங்குங்கள். பிங் போகும், அண்டை இருக்கிறதா என்று அறிய ரவுட்டர் அனுப்பும் ஹலோ செய்தியும் போகும், ஆனால் உறவு எக்ஸ்ஸ்டார்ட் அல்லது எக்ஸ்சேஞ்ச் என்ற இடைநிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்துவிட்டு, ஒரு பக்கம் ஹலோ நேரத்தை மாற்றுங்கள். இப்போது டெட் நேரம் (ஹலோவுக்காகக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம்) கடந்ததும் அண்டைப் பட்டியலிலிருந்து பெயரே மறைந்துவிடும். இரண்டும் "ஓஎஸ்பிஎஃப் வரவில்லை" என்ற ஒரே புகார்தான், ஆனால் காரணம் வேறு, அறிகுறியும் வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தவருக்குக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை தெரியும். அப்புறம், தனித்தனி நெட்வொர்க்குகளுக்கு இடையே வழிகளைப் பகிரும் நெறிமுறையான பிஜிபிக்கு வாருங்கள். வெளியிலிருந்து கற்ற வழியை உள் அண்டைக்கு அனுப்பும்போது நெக்ஸ்ட்-ஹாப் (அடுத்து அனுப்ப வேண்டிய ரவுட்டரின் முகவரி) மாறாமல் அப்படியே போகும். அந்த முகவரிக்குப் போக உள் அண்டைக்கு வழி தெரியாவிட்டால் அந்த வழி பயன்படாது. இதையும் ஒருமுறை கெடுத்துப் பாருங்கள்.

ஆட்டோமேஷன் பகுதிக்கு ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் படிக்கவும், சின்ன பைத்தான் நிரலைப் புரிந்துகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். தோற்றால் ஐந்து நாள் பொறுத்து மறுபடி எழுதலாம். அதனால் ஏழாவது வாரத்துக்கு இப்போதே தேதி வாங்குங்கள். கைமீறிப் போனாலும் இன்னொரு முயற்சிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். பதிவைத் தேர்வு நடத்தும் பியர்சன் வியூ தளத்தில் நீங்களே செய்யுங்கள். கடவுச்சொல்லை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.