பாகற்காய் ஜூஸ் குடிக்கிறேன், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக, காலையில் பாகற்காய் ஜூஸும் சிறுகுறிஞ்சான் பொடியும் சேர்த்துக்கொண்டேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 160-லிருந்து 118-க்கு இறங்கிவிட்டது. ஆனால் பதினொரு மணி வாக்கில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. பாதமும் எரிகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்தப் பதினொரு மணி நடுக்கத்தை முதலில் கவனிப்போம். சர்க்கரை தாழ்ந்துபோனால் இப்படித்தான் இருக்கும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அதன்மேல் ஜூஸும் பொடியும் சேர்ந்திருக்கின்றன. மறுபடி நடுங்கினால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் தேடிக்கொண்டிருக்காமல் குடித்துவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை ஜூஸும் பொடியும் வேண்டாம். இந்த வாரமே போய்விடுங்கள். கிளிமிபிரைடின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் சொல்வார்.

மூலிகையில் ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் விழுங்கும் மெட்ஃபார்மினுக்கே மூலம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலீகா என்று ஒரு செடி உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் சத்து அதில் இருந்தது, கூடவே நஞ்சும் இருந்தது. அந்தச் சத்தின் சாயலில் வேதியியலாளர்கள் உருவாக்கியதுதான் மெட்ஃபார்மின். 1957-இல் பிரான்ஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். இன்று ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் என்றைக்கும் 500தான். உங்கள் பாகற்காயில் இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள், மணலைப் போட்டதுபோல் இருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்குக்கு இனிப்புத் தெரியாமல் செய்துவிடுகின்றன. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆனால் ரத்தத்தில் அது என்ன செய்கிறது என்பதற்குச் சிறிய ஆய்வுகளே இருக்கின்றன. அதை நம்பி மாத்திரையை விட முடியாது.

வெந்தயத்தை மட்டும் நான் தடுப்பதில்லை. ஊறவைத்தால் வழவழப்பாக வருகிறதே, அந்த நார்ச்சத்துதான் குடலில் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்குகிறது. உணவோடு உணவாக இருக்கட்டும்.

பாத எரிச்சலுக்கு வருகிறேன். ஒன்பது வருடச் சர்க்கரையில் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே எரிச்சல் வரும். ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடிய குறை அது. அதனால் பி12 அளவையும் கட்டாயம் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், கண் விழித்திரை, இந்தப் பரிசோதனைகளும் பாக்கி இருக்கக் கூடாது. அல்புமின் கசிந்தால் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அதுவும் ஆப்பிள் மரப்பட்டையில் 1835-இல் கண்டெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருளின் வழியில் வந்ததுதான். சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்துகிறது.

டாக்டரிடம் போகும்போது பொடி டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். அதைப் பார்த்தால்தான் அவரால் மாத்திரையின் அளவைச் சரியாக முடிவுசெய்ய முடியும்.